பங்கு கிடைத்தால் நிறைவு கிடைக்குமா?

கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நிலத்தின் அருமையை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லும் மஞ்சளும் விளையும் இம்மண்ணில், ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தோர் பேச்சை நிறுத்திக்கொள்வதையும், வழக்கில் வென்றவர் வீட்டிலும் சிரிப்பொலி குறைந்துபோவதையும் நாம் கண்டிருக்கிறோம். நினைத்ததை அடைந்துவிட்டால் மனிதனுக்கு மகிழ்ச்சி கிட்டிவிடுமா? இக்கேள்வியோடு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

1917இல் கொங்கு நாட்டுக் கீரனூரில் பிறந்து 1977இல் மறைந்தவர் சண்முகசுந்தரம். 1942இல் வெளிவந்த இந்நாவல் தமிழ் வட்டார நாவலின் முன்னோடி எனப் போற்றப்படுகிறது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோருடன் ஒரே குடும்பமாக வாழ்கிறாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்து வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் அவளுள் வளர்கிறது. சின்னப்பன்மீது பகை கொண்ட மணியகாரரும், முரடன் கெட்டியப்பனும் அக்கனலை ஊதி வளர்க்கிறார்கள். முடிவில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் மடிகிறான்.

‘பேராசை பெருநட்டம்’ என்று இக்கதைக்கு ஒரு நீதி எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது நாகம்மாளுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். அவள் கேட்டது பிறர் பொருளன்று, கணவனின் பங்கு. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் ஆயுட்கால உரிமை அளித்தது. எனினும் மாகாணங்களின் விளைநிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணத்தில் விளைநிலத்துக்கும் அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது 1947இல்தான். ஆக, நாவல் வெளிவந்த நாளில் நாகம்மாளைப் போன்றோருக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. தகாதவர்களின் துணையை அவள் நாடியதை இப்பின்னணியில் வைத்தே எடைபோட வேண்டும்.

அவள் ஏங்கியது மண்ணுக்காக மட்டுந்தானா? ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலப்படும். அந்த வீட்டில் தன்னையும் ஒரு பொருட்டாக மதிக்க வேண்டும் என்பதே அவள் வேட்கையின் வேர். ஆனால் மணியகாரருக்கு அவள் உரிமை பழிதீர்க்கும் கருவி, கெட்டியப்பனுக்கோ வீம்பு. நிலத்தை அளந்து பிரித்துவிடலாம். அவள் தேடிய மதிப்பை அளக்கச் சங்கிலி ஏது?

ஆசிரியர்மீது நமக்கு ஒரு குறையும் உண்டு. கொலையோடு கதை சட்டென நின்றுவிடுகிறது. அதன்பின் ராமாயியின் முகத்தை நாகம்மாள் எவ்வாறு ஏறிட்டுப் பார்த்தாள்? ஒரு பக்கமேனும் எழுதியிருந்தால், நாம் கேட்ட கேள்விக்கு அவள் வாயாலேயே விடை கிடைத்திருக்கும்.

திருவிவிலியத்திலும் இத்தகைய இரு காட்சிகளைக் காண்கிறோம். எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில், தந்தையின் உடைமையில் பங்கு கேட்ட ஐந்து சகோதரியரின் முறையீடு நியாயமென ஏற்கப்படுகிறது. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்திலோ, சகோதரனிடம் பங்கு வாங்கித் தருமாறு கேட்டவனுக்குப் பாகம் பிரிக்க இயேசு மறுத்து, பேராசையைக் குறித்து எச்சரிக்கிறார். இரண்டாவதை மட்டும் எடுத்துச் சொல்லி முதலாவதை மறைப்பது முறையன்று.

வெற்றியில் மகிழ்ச்சி இல்லை என்று, பங்கு பெற்றவர் பெறாதவருக்குப் போதிப்பது ஞானமாகாது. உரியதைக் கொடுத்த பிறகே அவ்வறிவுரைக்கு நமக்குத் தகுதி வரும். ஒரு மாலைப் பொழுதில் சின்னப்பனே அவளை அழைத்து, நிலத்தைப் பற்றி அவளிடம் மனம்விட்டுப் பேசியிருந்தால், அவன் உயிர் தப்பியிருக்கக்கூடும். அவளும் தேடியதைப் பெற்றிருக்கக்கூடும். நம் வீடுகளிலும் அப்பேச்சு இன்னும் பேசப்படாமல் இருக்குமாயின், இந்நாவல் நமக்காகவே எழுதப்பட்டது எனலாம்.