மகாந்தப்பாவைக் கேளுங்கள்

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தான். 1994இல் அவர் சாக்ஸபோன் ஊதிய 'டூயட்' படம் வந்த நாள் தொட்டு அப்படித்தான். திருக்கோவிலிலும் சரி, கல்முனையிலும் சரி, தேநீர்க் கடை றேடியோவில் அந்தப் பாட்டுகள் போனால் ஆட்கள் கதையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நான் சொல்ல வந்தவர் அந்தக் கத்ரிக்குப் பக்கத்தில் நின்று, அதே ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஜாஸ் வாசித்த மனிதர்: ருத்ரேஷ் மகாந்தப்பா. அமெரிக்க ஜாஸின் முன்னணிக் கலைஞர். 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் இயக்குநர். இந்த இரண்டையும் தனித்தனியே சொன்னால் அவரைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. அவர் ஊதுவதே ஆராய்ச்சி. அதுவும் வேர்த்து விறுவிறுத்து, கேட்பவரை இருக்க விடாத ஆராய்ச்சி!

கன்னடக் குடும்பம். பிறந்தது 1971இல், இத்தாலியின் திரியெஸ்த் நகரில். வளர்ந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டரில். தகப்பனார் அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் இசையில் விழுந்த பையன், பொஸ்டனின் பேர்க்லி இசைக் கல்லூரிக்குப் போகிறார். அங்கே படிக்கிற காலத்தில் அண்ணன் விளையாட்டாக ஓர் இசைத்தட்டைக் கையில் கொடுக்கிறார். அட்டையில் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்' என்று போட்டிருக்கிறது. உள்ளே கத்ரி கோபால்நாத். கமகம் பிடிக்காத கருவி என்று பலரும் ஒதுக்கிய பித்தளைக் குழலில் கர்நாடக இசை முழுசாக ஓடுகிறது. இன்னொருவராக இருந்தால் அடுத்த மாதமே ராகத்தின் ஒரு துண்டை எடுத்துத் தன் ஜாஸில் ஒட்டிப் புதுமை என்று விற்றிருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. சிக்காகோ டிபோல் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் இசையமைப்பில் முதுகலை முடித்தார். தன் குரல் எதுவென்று தேடினார். வருஷக்கணக்காகக் காத்திருந்து, பிறகுதான் கத்ரியிடம் போய் நின்றார். அந்தப் பொறுமைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

அந்தச் சந்திப்பின் விளைச்சல் 2008இல் வந்த 'கின்ஸ்மென்' இசைத்தட்டு. மகாந்தப்பாவும் கத்ரியும் ஆல்ட்டோ. வயலின் அ. கன்னியாகுமரி. மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. கிட்டார் ரெஸ் அப்பாஸி. கூட டபுள் பாஸும் டிரம்ஸும். 'கணேஷா' என்ற உருப்படியை வையுங்கள். இரண்டு சாக்ஸபோனும் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து ஊதிவிட்டுப் பிரிகிற இடம் வருகிறதே, அங்கே எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும். கத்ரியின் ஒலி வளைந்து, வழுக்கி, சுரத்துக்குச் சுரம் உருகிப் போகும். மகாந்தப்பாவினுடையது கூர்மை, விளிம்பில் ஒரு கரகரப்பு, அடுக்கடுக்காக விழும். யார் எவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒருவர் மற்றவராக மாறப் பார்க்கவே இல்லை. கலப்பிசை என்று சொல்லி வருகிற பலதில் எனக்குப் பிடிக்காத விஷயம், இரண்டு பக்கமும் தன் காரத்தைக் குறைத்துக்கொள்வது. இதில் இரண்டு பக்கமும் காரத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

கல்முனையில் எனக்கு மூத்த சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். பழைய ஹிந்திப் பாட்டும் கவ்வாலியும் என்றால் உயிர். ஜாஸ் பக்கமே போகாதவர். இதைப் போட்டுக் காட்டினேன். பேசாமல் கேட்டார். முடிந்ததும், "தம்பி, இது திருவிழாவில ரெண்டு நாகசுரக்காரர் போட்டிக்கு நிக்கிற மாதிரி இரிக்கி. இன்னொருக்கா வைங்க" என்றார். "நானா, அதில ஒருத்தர் புரபெஸர்" என்றேன். "இருக்கட்டும். நல்லாப் படிச்சிருக்கிறார் எண்டு ஊதுறதிலேயே விளங்குதே" என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஆனால் என்னை முழுசாக வசப்படுத்தியது அதற்கு முந்திய 'மதர் டங்'. 2004இல் வந்தது. இந்தியா முழுக்க ஒரே பாஷை பேசுகிறது என்று நினைக்கும் அமெரிக்கர்களின் கேள்விக்கு, இந்திய வம்சாவளி அமெரிக்கர்களைத் தங்கள் தங்கள் தாய்மொழியில் பதில் சொல்ல வைத்தார். அந்தப் பதில்களைப் பதிவு செய்தார். பிறகு அவர்களின் பேச்சில் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே இழுபடுகிறது என்று காதால் அளந்து சுரமாக எழுதினார். அந்தச் சுரங்களிலிருந்துதான் உருப்படிகள் பிறந்தன. பெயர்கள் கன்னடம், குஜராத்தி, தெலுங்கு, கொங்கணி, தமிழ், மலையாளம் என்று போகின்றன. ஆம், 'தமிழ்' என்றே ஓர் உருப்படி! அதில் ஒரு சொல்கூட இல்லை. பாஷையின் ராகம் மட்டும் சாக்ஸபோனில் வருகிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அக்கரைப்பற்றுக்காரர் கதைக்கிற இழுவை வேறு, தம்பிலுவில்லாரின் இழுவை வேறு, சாய்ந்தமருதில் கேள்வி முடிகிற விதம் வேறு. பஸ்ஸில் முன் இருக்கையில் இருப்பவர் என்ன கதைக்கிறார் என்று விளங்காமலே அவர் எந்த ஊர் என்று சொல்லிவிடுவோம். பேச்சுக்குள் ஒரு மெட்டு இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பொருட்படுத்தி, உட்கார்ந்து எழுதி, ஒரு ஜாஸ் குழுவின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னவர் இவர். திருக்கோவிலில் ஏறி கல்முனைக்குப் போகிற பஸ்ஸில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒலுவிலும் நிந்தவூரும் போனது தெரியாது.

அந்த வழியில் காரைதீவு வரும்போது விபுலானந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. விஞ்ஞானப் பட்டதாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். கணக்கையும் காதையும் ஒன்றாக வைத்துப் பழந்தமிழ் இசையைத் தேடிய மனிதர் பிறந்த மண் இது. மகாந்தப்பாவின் 2006ஆம் ஆண்டு 'கோட்புக்' தட்டு மறைகுறிக் கலையிலிருந்தும் எண் கோட்பாட்டிலிருந்தும் கட்டப்பட்டது என்று அறிந்தபோது, அடிகளார் இருந்திருந்தால் இதை ஆசையோடு கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றியது.

கற்பிக்கிற மூத்தவர்களை மகாந்தப்பா எப்படி மதிக்கிறார் என்பதற்கு 'ஏபெக்ஸ்' தட்டு சாட்சி. 2010. கூட ஊதுபவர் பங்கி கிரீன். அப்போது எழுபதைத் தாண்டிய ஆல்ட்டோ மேதை. சிக்காகோவிலும் பிறகு வட புளோரிடா பல்கலைக்கழகத்திலும் பல்லாண்டு காலம் ஜாஸ் கற்பித்தவர். கற்பித்தலிலேயே காலம் போனதால் அவருடைய ஊதல் உலகத்துக்குப் போதிய அளவு எட்டவில்லை. மகாந்தப்பா அந்த மூத்தவரை முன்னால் கொண்டுவந்து தனக்குச் சரிசமமாக நிறுத்துகிறார். மேளச் சமாவில் பெரியவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிற பண்பைத் தெரிந்த எவரும் இதைக் கேட்டு நெகிழ்வார்கள். கிரீன் ஊதுகிற கோணல்மாணலான வரிகளின் துணிச்சலைப் பாருங்கள்! 2025இல் அவர் காலமானார்.

'இந்தோ-பாக் கொயலிஷன்' மூவர் குழுவையும் விடவேண்டாம். கராச்சியில் பிறந்த அப்பாஸியின் கிட்டார், டான் வைஸின் தபேலா, மகாந்தப்பாவின் சாக்ஸபோன். 'ஆப்தி', 'அக்ரிமா' என்று இரண்டு தட்டுகள். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகிற தெருவில் வாழ்கிற எனக்கு இந்தக் கூட்டு மிகப் பெரிய சந்தோஷம்.

2015இல் 'பேர்ட் கால்ஸ்'. சார்லி பார்க்கரின் மெட்டுகளைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் புது உருப்படி முளைக்க வைத்திருக்கிறார். பார்க்கரின் பாட்டு ஒன்றைக்கூட அப்படியே திருப்பி வாசிக்கவில்லை. தெரிந்தவர்கள் காது வைத்தால் உள்ளே பார்க்கர் நடமாடுவது கேட்கும். தெரியாதவர்களுக்கும் குறை ஒன்றும் இல்லை. அதில் ஓர் உருப்படிக்குப் பெயர் 'கோபுரம்'. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முன் நாகசுரம் ஊதிக் கேட்ட காதுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜாஸே புதிது என்றால் 2020இன் 'ஹீரோ ட்ரையோ'வில் தொடங்குங்கள். சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் மட்டும். ஸ்டீவி வொண்டர், ஜோனி கேஷ் பாட்டுகள்கூட இருக்கின்றன. அடுத்து 'கின்ஸ்மென்'. அதன் பிறகு 'மதர் டங்', அதுவும் நல்ல இயர்போனில்.

மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வயலினும் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 'கின்ஸ்மென்' தட்டிலுள்ள 'கல்யாணி'யை ஒரு மண்டபத்தில் நல்ல ஸ்பீக்கரில் போட்டு, கன்னியாகுமரி அம்மாவின் வயலின் வருகிற இடங்களை நிறுத்தி நிறுத்தி அவர்களோடு கேட்கவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. எங்கள் கோவில் மேளகாரர் இரண்டு பேரையும் கல்முனை நானாவையும் கூட்டிக்கொண்டு போவேன். யாராவது நாள் குறித்தால் போதும், தட்டுகளோடு பஸ் ஏற நான் தயார்.