'வேலை' என்கிற சொல்

தீர்ப்பையும் ஒரு பிரதியாகத்தான் வாசிக்கிறேன். அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து அமேசான் கிடங்குகளில் மணிக்கூலிக்காரர்கள் வேலை முடிந்ததும் வரிசையில் நின்று, திருட்டுச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற முடிந்தது. சுமார் 25 நிமிஷம் ஆகிறது, கூலி கொடு என்றார்கள். 2014இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகக் கையை விரித்தார்கள்.

காரணம்தான் கவனிக்கத்தக்கது. சோதனை இல்லாமலே பொருளை எடுக்கலாம், பெட்டியில் அடுக்கலாம்; ஆகவே சோதனை வேலையின் பிரிக்கமுடியாத அங்கம் அல்ல. ஆக, 'வேலை'க்கு அர்த்தம் தருவது பெட்டி, மனுசன் இல்லை. சரி, 'சோதனை வேண்டாம், வீட்டுக்குப் போறேன்'னு ஒருத்தர் கிளம்பிட முடியுமா? முதலாளியின் கட்டாயம் மட்டும் போதாது என்று பிரதி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. (யார் பையை யார் சோதிக்கணும்?)

இதற்கு முன்கதை உண்டு. ஆலைக்குள் நடக்கிற நேரத்துக்கும் கூலி உண்டென்று மவுண்ட் கிளமென்ஸ் மண்பாண்ட ஆலைத் தொழிலாளர்கள் 1946இல் ஜெயித்தார்கள். மறுவருஷமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த நேரத்தை வெட்டியெடுத்தது. 2014 தீர்ப்பு நிற்பது அந்தச் சட்டத்தின் மேல்.

2020இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம், ஆப்பிள் கடை ஊழியர்களின் பைச்சோதனை வழக்கில் வேறு கேள்வி கேட்டது: அந்த நேரத்தில் அவர்கள் யார் கட்டுப்பாட்டில் இருந்தார்கள்? கூலி கிடைத்தது, மாநிலச் சட்டப்படி. மத்தியச் சட்டத்தின் 'வேலை' இன்னும் பெட்டியோடுதான் இருக்கிறது.