மாட்டின் முகம் எவ்வளவு சொல்லும்?

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. பால் கறப்பு நிற்கவில்லை. கோலார் மாவட்டம் பட்டுக்கும் பாலுக்கும் பேர்போனது. கொட்டிலில் நிற்கும் சீமைக் கலப்பு மாட்டின் முகத்தைப் பார்த்தே, "இன்னிக்கு இதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பார்வைக்கு மதிப்பெண் போடலாம் என்கிறது டென்மார்க்கில் க்லீரப் குழுவினர் 2015இல் வெளியிட்ட வலி அளவுகோல். அது எவ்வளவு தாங்கும்?

முதலில் உடற்கூறு. குதிரைக்கு 17 முக அசைவுகளைப் பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறார்கள். மாட்டின் வாய் அவ்வளவு பேசாது. மேலுதடு மூக்குத் தட்டோடு ஒட்டித் தடித்துக் கிடக்கிறது. புல்லை வளைத்து இழுப்பது உதடு அல்ல, நாக்கு. ஆனால் உதட்டை அசைக்கும் அதே முக நரம்புதான் காதைத் திருப்பும் தசைகளுக்கும் போகிறது. ஆக, மாட்டுக்குக் காதும் முகத்தில் சேர்த்தி. அளவுகோல் காதைக் கணக்கில் எடுத்தது சரியே. தாடைத் தசை இறுகுவதையும் சேர்த்திருக்கிறார்கள். அது வேறு நரம்பின் கீழ் வரும் மெல்லும் தசை, முகபாவத் தசை அல்ல. ஆனாலும் அசைபோடுவதை நிறுத்திய மாட்டைக் கண்டு பயப்படாத பால்காரர் யார்?

சிக்கல் காதிலேயே தொடங்குகிறது. காது பின்னால் போனாலோ தொங்கினாலோ வலி என்கிறது டேனிஷ் அளவுகோல். 2014இல் பிராக்டர், கார்டர் என்ற ஆய்வாளர்கள் மாடுகளைத் தடவிக்கொடுத்துப் பார்த்தபோதும் காது பின்னால் போனது, தொங்கியது. அவர்கள் அதை நிம்மதி என்று படித்தார்கள். கண்ணும் இப்படித்தான். வெள்ளை விழி அதிகம் தெரிந்தால் ஏமாற்றம் என்று 2002இல் நார்வேயில் சொன்னார்கள். 2017இல் லாம்பர்ட்டும் கார்டரும் அடர்தீவனம் வைத்தார்கள், மரச்செதிலும் வைத்தார்கள். இரண்டுக்கும் வெள்ளை விழி அதிகம் தெரிந்தது. படபடப்பு எவ்வளவு என்று கண் சொல்கிறது. ஆசையா வேதனையா என்று சொல்லவில்லை.

இதற்காக அளவுகோலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதன் ஆறு குறிகளில் முகபாவமும் காதும் இரண்டுதான். தலை தாழ்வது, முதுகு வளைவது, சுற்றிலும் கவனிப்பது, ஆள் நெருங்கினால் என்ன செய்கிறது ஆகியவை மற்ற நான்கு. காது பின்னால் போய், கண்ணுக்கு மேலே தசை இறுகி, முதுகும் வளைந்தால் ஐயம் குறைகிறது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வலியைப் படிக்கலாம் என்பது மிகை. இங்கே இன்னொரு தடை: மூக்கணாங்கயிறு இழுபடும் மாட்டில் நாசித்துளை விடைப்பதை வைத்து என்ன தீர்மானிப்பது? கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: காதுக்கு நம்பிக்கை உண்டு, துணையோடு. கண்ணுக்குப் பாதி. உதட்டுக்கு ஒன்றுமில்லை. நேற்று இதே மாடு எப்படி நின்றது என்று தெரிந்த கறவைக்காரர் கையில் அளவுகோல் உதவும். அந்த மாட்டை முதல்முறை பார்க்கும் ஆளிடம் அது பாதி வேலைதான் செய்யும்.