இடக்கையின் வேலை

ஜாஸ் பியானோவைத் தொடக்கத்தில் ஆண்டது துள்ளல்தான். ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர் ஆகியோரின் 'ஸ்ட்ரைட்' பாணியில் இடக்கை கீழ்ச் சுரத்துக்கும் நடு ஸ்தாயி கார்டுக்கும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறி மாறித் தாவும். டிரம்ஸும் பேஸும் இல்லாத குறையை அந்த ஒரு கையே தீர்த்துவைக்கும். விருந்து களைகட்ட ஏற்ற வாசிப்பு. துயரத்துக்கு அதில் உட்கார இடமில்லை. தனிப் பியானோவில் சோகம் குடியேற வேண்டுமென்றால் இந்த இடக்கை அடங்கியாக வேண்டும். அதற்கு வழி கிடைத்தது மேற்கத்திய செவ்வியல் இசையில்.

1927 செப்டம்பரில் நியூயார்க்கில் பிக்ஸ் பைடர்பெக் பதிவுசெய்த 'இன் எ மிஸ்ட்' ஒரு முன்னோட்டம். அவர் பெயர் வாங்கியது கார்னெட்டில். பியானோவில் தேடியதோ டெபுஸியின் மங்கலான ஹார்மனியை. ஆனாலும் துள்ளலை அவரால் முழுக்க விட முடியவில்லை.

விட்டவர் பில் எவன்ஸ். 1958 டிசம்பரில், லியனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'சம் அதர் டைம்' பாடலுக்கு முன்னிசை வாசிக்கப் போனவர், அதன் இரண்டு கார்டுகளிலேயே தங்கிவிட்டார். அப்படிப் பிறந்தது 'பீஸ் பீஸ்'. ஆறரை நிமிடம் இடக்கை அந்த இரண்டையே ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஷோபனின் 'பெர்சூஸ்' தாலாட்டிலும் இடக்கைக்கு இதே வேலைதான். எவன்ஸின் வலக்கை முதலில் எளிய சுரங்களில் நடக்கிறது. போகப்போக மேல் ஸ்தாயியில், கீழே ஒலிக்கும் கார்டோடு ஒட்டாத சுரங்களைக் கொத்திக்கொத்தி எடுக்கிறது. கீழ்க்கை அசையவில்லை. மேலே நடக்கும் தவிப்பை அது கண்டுகொள்ளாததுதான் கேட்பவரை உலுக்குகிறது. மறு ஆண்டு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' தொடங்குவதும் இதே கார்டுகளில்தான்.

கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று கொலோன் ஓப்ரா அரங்கில் ஒத்திகைப் பியானோவை வைத்துச் சமாளித்த கதை ஊரறிந்தது. கதையின் புகழில் இசை சற்று மறந்தே போய்விட்டது. கீழ் ஸ்தாயி கனமற்ற கருவி என்பதால் இடக்கை சிறு சொற்கட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தது. விளைவு சோகமல்ல, பரவசம். ஆனால் தனிப் பியானோ ஆல்பங்களுக்கு ஒரு பெருங்கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது அந்த இரவுதான்.

துயரம் அவரிடம் வந்தது பிறகு. 1996இல் தீராச் சோர்வு நோய் அவரை மேடையிலிருந்து இறக்கியது. 1998இல் நியூஜெர்சியில் தன் வீட்டு ஸ்டூடியோவில், உடம்பு இடம்கொடுத்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவுசெய்ததே 'தி மெலடி அட் நைட், வித் யூ'. அதற்கு முன்பே பாக், ஷஸ்தகோவிச் ஆகியோரின் பிரிலூட்களையும் ஃபியூக்களையும் அவர் ஆல்பங்களாக வாசித்திருந்தார். அந்தப் பயிற்சி இங்கே தெரிகிறது. கெர்ஷ்வினின் 'ஐ லவ்ஸ் யூ, போர்கி'யில் மனோதர்மம் கொஞ்சம்தான்; ஆனால் கார்டுக்கு நடுவே ஒரு சுரம் அரைப்படி நகர்ந்தால்கூட, அது தனிக்குரலாகக் காதில் விழுகிறது. தூங்கவைக்கும் இசை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அவ்வளவு வித்தை கையிலிருந்தும் அதைக் காட்டாமல் வாசிப்பது எத்தனை கடினம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த ஆல்பம் வெளியான 1999இலேயே பிராட் மெல்டாவின் 'எலிஜியாக் சைக்கிள்' வந்தது. ஒன்பது உருப்படிகள், எல்லாம் அவருடைய சொந்த ஆக்கம். ஒன்று 1997இல் மறைந்த எழுத்தாளர்கள் வில்லியம் பரோஸ், ஆலன் கின்ஸ்பெர்க் இருவருக்கான அஞ்சலி. இங்கே இடக்கை பக்கவாத்தியமே அல்ல. பிராம்ஸிடம் போல மெட்டு அதன் கைக்கும் போகிறது, நடுக்குரல்கள் குறுக்கே பேசுகின்றன. உடன் அச்சிட்ட மெல்டாவின் நீண்ட தத்துவக் கட்டுரை இல்லாமலே இசை நின்றிருக்கும்.

2018இல் அவர் 'ஆஃப்டர் பாக்' வெளியிட்டார். பாக்கின் உருப்படிகளை அடுத்து அவற்றிலிருந்து கிளைத்த தன் வாசிப்பை வைத்தார். அதே ஆண்டு ஜாரெட்டுக்கு இருமுறை பக்கவாதம் வந்து இடக்கை செயலிழந்தது. அதன்பின் வந்த 'புடாபெஸ்ட் கான்சர்ட்', 'போர்டோ கான்சர்ட்' இரண்டுமே 2016இல் பதிவானவை. போர்டோ கச்சேரியில் கொலோனின் நீண்ட ஓட்டம் இல்லை. பதின்மூன்று சிறு பகுதிகளாக வாசித்திருக்கிறார்.