ஓடினால் போதுமா?

"செல்போன்லயே ஸ்கோப் வந்தாச்சு, இதைப் போய்க் கட்டிக்கிட்டு அழறீங்களே சார்!" என் மேஜையைப் பார்த்த எந்த இளைஞனும் இதைச் சொல்லாமல் போனதில்லை. மேஜையில் இருப்பது டெக்ட்ரானிக்ஸ் 545ஏ. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1950களில் வடிவெடுத்த வால்வு அலைகாட்டி வரிசையைச் சேர்ந்தது. எடை ஏறக்குறைய 30 கிலோ. பழைய ரேடியோவுக்கு உருகுகிறவர்கள், கிராமபோனைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறவர்கள்கூட இதன் பக்கம் வருவதில்லை. பாட்டு வராதாம்! அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். காயலான் கடையிலிருந்து வந்ததை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். சின்னக் கருவியென்றால் குண்டு பல்பைத் தொடரில் மாட்டிப் பாருங்கள். பெரியதென்றால் பில்டர் கண்டன்சர்களை முதலில் தனியே சோதியுங்கள். படக்குழாய்க்குப் போவது 10,000 வோல்ட். அணைத்த பிறகும் கண்டன்சர் கடிக்கும். ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். செலினியம் ரெக்டிஃபையர் எரிந்து நாறினால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடுங்கள். தெரியாதவர், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடுங்கள். ஆயிற்று.

இனி ரசனை. பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். ரெசிஸ்டர்கள் பீங்கான் பட்டைகளில் பல்வரிசைபோல உட்கார்ந்திருக்கும். அந்தப் பட்டையின் பள்ளங்களில் வெள்ளி பூசியிருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண ஈயம் வெள்ளியைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் வெள்ளி கலந்த ஈயத்தைச் சின்னச் சுருளாகச் சுற்றி, கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள், என்றோ ஒருநாள் பழுதுபார்க்கப்போகும் முகம் தெரியாத ஆளுக்காக. என் கருவியில் அந்தச் சுருள் பாதி மிச்சமிருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்!

இப்போது நான் சண்டை பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஓடுவது வேறு, அளப்பது வேறு. ரேடியோ பாடினால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். அளக்கும் கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது. பச்சைக் கோடு திரையில் வந்ததும் படமெடுத்து "மீட்டுவிட்டேன்" என்று பீற்றிக்கொள்கிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 545ஏ-வின் மற்ற எல்லா மின்னழுத்தங்களும் மைனஸ் 150 வோல்ட் சப்ளையைப் பார்த்துத்தான் நடக்கின்றன. அது 143க்கு இறங்கியிருந்தாலும் அலை அழகாகத்தான் தெரியும். அளவுதான் பொய். முன்பலகையில் இருக்கும் காலிபரேட்டரை வைத்துச் சரிபார்க்கலாமே என்பீர்கள். அதற்கும் சோறு போடுவது அதே சப்ளைதான். பொய்க்குப் பொய்யையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை!

பழைய காகிதக் கண்டன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வால்வின் பிளேட்டில் 200 வோல்ட். அடுத்த வால்வின் கிரிட்டில் 1 மெகஓம். நடுவில் உள்ள கண்டன்சர் 100 மெகஓம் அளவுக்குக் கசிந்தால் போதும், கிரிட்டில் ஏறத்தாழ 2 வோல்ட் வந்து உட்கார்ந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரில் அதே கண்டன்சர் பத்தரைமாற்றுத் தங்கம். கசிவு ரேடியோவில் கரகரப்பாகவாவது காதில் விழும். வால்வு வோல்ட்மீட்டரின் முள்ளோ ஆடாமல் அசையாமல் நின்று பொய் சொல்லும். இது புரியாதவர்கள்தான் கண்ணில் பட்ட கண்டன்சரையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட்டு மார்தட்டுகிறார்கள். எது கெட்டிருந்தது என்று கேட்டால் பதில் வராது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, வால்வு ஆம்ப்ளிஃபையர் பக்தர்கள். நாலு ஜெர்மன் வால்வுக்காக ஒரு முழு அலைகாட்டியின் குடலை உருவிவிட்டு, "ஒலியில் என்ன கதகதப்பு!" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். காப்பிக்கடை அலமாரியில் பொம்மையாக வைப்பவர்கள்கூடத் தேவலை. அவர்கள் எதையும் பிடுங்குவதில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு 545ஏ-வைவிடப் பிடித்தது எச்.பி. 200சிடி ஆசிலேட்டர். எச்.பி.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது கையாண்ட உத்திதான் அதற்குள்ளும் இருக்கிறது: ஒரு சின்ன பல்ப். அலை பெரிதானால் இழை சூடாகும், தடை கூடும், அலை தானாக அடங்கும். வெளிச்சத்துக்காக வைத்த பல்ப் அல்ல அது. இந்த உத்தியில் பிறந்த 200பி-யில் எட்டை டிஸ்னி 'ஃபேன்டேசியா' படத்துக்காக வாங்கியது. டயலைச் சட்டென்று திருப்பினால் அலை ஒருகணம் தளும்பி அடங்குவதை ஸ்கோப்பில் பார்க்கலாம். அதைக் கோளாறு என்று நினைத்து பல்பைப் பிடுங்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, வீடு தூங்கிய பிறகு, நான் சும்மா டயலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுண்டு. மனைவிக்குத் தெரியாது.

காயலான் கடையில் இப்படி ஒன்றைக் கண்டால் வால்வை மட்டும் உருவிக்கொண்டு வராதீர்கள். முழுசாகத் தூக்கி வாருங்கள். ஆட்டோவின் பின்சீட்டில் கொள்ளும். என்னுடையது அப்படித்தான் வந்தது.