பெண்களை நேசித்த மனிதன் (பிரெஞ்சுத் திரைப்படம், 1977)

'பெண்களை நேசித்த மனிதன்' 1977-ல் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம். பிரெஞ்சுப் புதிய அலை இயக்குநர்களில் ஒருவரான பிரான்சுவா த்ரூஃபோ (1932–1984) இயக்கியது. திரைக்கதையை த்ரூஃபோ, மிஷெல் ஃபெர்மோ, சுசான் ஷிஃப்மன் ஆகியோர் இணைந்து எழுதினர். ஒளிப்பதிவு நெஸ்டர் அல்மென்ட்ரோஸ். 1940-ல் இறந்த இசையமைப்பாளர் மோரிஸ் ஜோபேரின் பழைய இசைக்கோவைகளை த்ரூஃபோ இப்படத்திற்குப் பயன்படுத்தினார். பெண்கள் பின்னால் ஓயாமல் அலையும் ஒருவன் தன் காதல் அனுபவங்களை நூலாக எழுதி முடிப்பதும், அந்நூல் அச்சாகும் வேளையில் இறந்துபோவதும் இதன் கதை. நகைச்சுவைக் காதல் படமாகத் தொடங்கி, எழுத்தைப் பற்றிய படமாக இது முடிகிறது.

கதைச் சுருக்கம்

1976 டிசம்பர். தென் பிரான்சின் மோன்பெலியே நகரக் கல்லறையில் ஓர் அடக்கம் நடக்கிறது. வந்திருப்பவர்கள் அனைவரும் பெண்கள். இறந்தவன் பெர்த்ரான் மொரான் (ஷார்ல் தெனேர்). அவனது நூலின் பதிப்பாசிரியரான ஜெனவீவ் (பிரிஜித் ஃபோசே) வந்திருக்கும் பெண்களைப் பார்த்தபடி கதையைச் சொல்லத் தொடங்குகிறாள். படம் அங்கிருந்து பின்னோக்கிச் செல்கிறது.

பெர்த்ரான் திரவ இயக்கவியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவன். கப்பல், விமானம் ஆகியவற்றின் சிறு மாதிரிகளைச் சோதிப்பது அவன் வேலை. மணம் செய்துகொள்ளாதவன். வேலை முடிந்த பிறகு அவனுக்கு நண்பர்களோ கேளிக்கைகளோ இல்லை, பெண்கள் மட்டுமே. தெருவில் கண்ட ஒரு பெண்ணின் முகவரியை அறிய, அவள் சென்ற வாடகைக் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தன் காரைத் தானே சேதப்படுத்தி விபத்து நடந்ததாகக் கதை கட்டும் அளவுக்குப் போகிறான்.

பெண்கள் உள்ளாடைக் கடை நடத்தும் எலென் (ஜெனவீவ் ஃபோந்தனெல்) தனக்கு இளைஞர்களையே பிடிக்கும் என்று சொல்லி அவனை மறுத்துவிடுகிறாள். அந்த அடியிலிருந்துதான் நூல் எழுதும் எண்ணம் பிறக்கிறது. கைப்பிரதியைத் தட்டச்சு செய்ய அமர்த்தப்பட்ட பெண் அதிலுள்ளவற்றைக் கண்டு மனம் கலங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். பாரிஸ் பதிப்பகம் ஒன்றின் கூட்டத்தில் மற்றவர்கள் கைப்பிரதியைக் குறை சொல்ல, ஜெனவீவ் மட்டும் அதற்காக வாதிடுகிறாள். நூல் ஏற்கப்படுகிறது. இருவரும் நெருங்குகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் தனித்திருக்கும் பெர்த்ரான் துணை தேடி வெளியே வந்து, ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து சாலையைக் கடக்கும்போது கார் மோதி வீழ்கிறான். மருத்துவமனையில் செவிலியின் கால்களை நோக்கிக் கை நீட்டப் போய்க் கட்டிலிலிருந்து விழுந்து இறக்கிறான்.

வேட்டையின் நகைச்சுவை

பெண்பித்தனை நாயகனாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் அவனை அழகனாகவும் வாய்ச்சாலம் மிக்கவனாகவும் காட்டும். அவனுடைய வெற்றிகளைக் கண்டு பார்வையாளர் உள்ளூரப் பொறாமைப்பட வேண்டும் என்பது அப்படங்களின் எதிர்பார்ப்பு. த்ரூஃபோ தேர்ந்தெடுத்த ஷார்ல் தெனேர் அப்படிப்பட்டவர் அல்லர். ஒடுங்கிய முகம், கனத்த குரல், அரிதாகவே மலரும் சிரிப்பு. த்ரூஃபோவின் 'மணப்பெண் கறுப்பு அணிந்திருந்தாள்' (1968) படத்தில் பெண்களை நாடும் ஓவியனாக அவர் ஏற்கெனவே நடித்திருந்தார். அந்த ஓவியனின் கதை பெண்ணொருத்தி எய்த அம்பில் முடிந்தது.

தெனேரின் பெர்த்ரான் பெண்களைத் தேடுவதை ஆய்வக வேலையைப் போலச் செய்கிறான். எண்ணைக் குறிக்கிறான், விசாரிக்கிறான், தடயத்தைப் பின்தொடர்கிறான். அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த பெண் அவன் தேடியவள் அல்ல, அவளுடைய உறவுக்காரி (நதாலி பேய்) என்று தெரியும்போது பார்வையாளர் சிரிக்கிறார்கள், அவன் சிரிப்பதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று பொய் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு வரவழைக்கும் காட்சியிலும் இதே நிலைதான். வந்தவள் கட்டிலில் பொம்மையைக் கண்டு குழந்தை எங்கே என்று கேட்கும்போது, அவன் தன்னையே காட்டுகிறான். நகைச்சுவைக்காக எழுதப்பட்ட இக்காட்சி பாத்திரத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் அமைகிறது. நாற்பதைத் தொட்ட இந்த மனிதன் கவனிப்பாரற்ற குழந்தையாகவே நின்றுவிட்டவன்.

தாயின் நிழல்

பெர்த்ரானின் இளமை நினைவுகள் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. அவற்றின் மையம் அவனுடைய தாய். அவளுக்கும் காதலர்கள் பலர். மகன் அருகில் இருப்பதையே பொருட்படுத்தாமல் அரைகுறை ஆடையில் வீட்டுக்குள் நடமாடுகிறாள். சத்தம் செய்யாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் மட்டுமே அவனை அவளால் சகித்துக்கொள்ள முடிகிறது. காதலனுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தால், சிறுவன் அதைச் சாக்கடையில் எறிந்துவிடுகிறான்.

இக்காட்சிகள் த்ரூஃபோவின் சொந்த இளமையை நினைவுறுத்துபவை. அவரும் தாயின் அன்பு கிட்டாமல், தொடக்க ஆண்டுகளைப் பாட்டியின் பராமரிப்பில் கழித்தவர். அவருடைய முதல் முழுநீளப் படமான 'நானூறு அடிகள்' (1959) படத்தில் சிறுவன் அந்த்வான் தன் தாயை அயலான் ஒருவனுடன் தெருவில் காண்கிறான். அதே காயத்தின் வளர்ந்த வடிவம் பெர்த்ரான் எனலாம்.

ஆனால் படம் இந்த விளக்கத்தை ஒரு நோய்க்குறிப்பு போலத் தூக்கிப் பிடிப்பதில்லை. தாய் இப்படி இருந்ததால் மகன் அப்படி ஆனான் என்று எந்தப் பாத்திரமும் வாய்விட்டு முடிவு கட்டுவதில்லை. தாயின் வேகமான நடையும் தெருவில் போகும் பெண்களின் நடையும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. மீதியைப் பார்ப்பவர் உணர்ந்துகொள்ளலாம். வாசிப்பதும் பெண்களைப் பார்ப்பதும் அவனுக்கு ஒரே வீட்டில், ஒரே மௌனத்தில் தொடங்கியவை என்பதையும் இக்காட்சிகளிலிருந்தே அறிகிறோம். அவன் இறுதியில் எழுத்தை நாடுவதற்கான காரணம் இங்கே விதைக்கப்பட்டுவிடுகிறது.

சிவப்பு ஆடை, நீல ஆடை

படத்தின் மிகச் சிறந்த காட்சி காதல் காட்சி அல்ல, அச்சகத்தில் நிகழ்வது. அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமிக்கு பெர்த்ரான் முன்பொருநாள் ஆறுதல் சொல்லியிருந்தான். அவள் அணிந்திருந்தது சிவப்பு ஆடை. அச்சாகும் பக்கங்களைப் பார்க்கும்போது அவன் ஆடையின் நிறத்தை நீலமாக மாற்றச் சொல்கிறான். கதையில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை. நடந்தது ஒன்று, எழுத்தில் நிற்பது மற்றொன்று. மாற்றுவது தன் கையில் இருக்கிறது என்பதை அவன் கண்டுகொள்ளும் கணம் அது. அதுவரை நினைவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தவன் அந்தக் கணத்தில்தான் எழுத்தாளன் ஆகிறான்.

எழுத்தில் விடுபட்டதைப் பற்றியும் ஒரு காட்சி உண்டு. பாரிஸ் விடுதியில் அவன் எதிர்பாராமல் வெராவைச் (லெஸ்லி கரோன்) சந்திக்கிறான். அவன் உண்மையாகவே நேசித்து, பிரிவால் நொறுங்கிப்போன ஒரே பெண் அவள். சில நிமிடங்களே நீளும் அந்த உரையாடலில் இருவரும் மிகவும் அமைதியாகப் பேசிக்கொள்கிறார்கள். அவள் போன பிறகுதான் நூலில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது அவனுக்கு உறைக்கிறது. எத்தனையோ பெண்களைப் பற்றி எழுதியது இந்த ஒருத்தியை எழுதாமல் இருப்பதற்காகவா என்ற கேள்வி அங்கே எழுகிறது. வெராவைப் பற்றி அடுத்த நூலில் எழுதலாம் என்று ஜெனவீவ் சொல்கிறாள். அடுத்த நூல் வரப்போவதில்லை என்பதைப் படத்தின் முதல் காட்சியிலிருந்தே பார்வையாளர் அறிவார். படத்தில் மிகவும் துயரமான இடம் இதுவே.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'ஓடும் காதல்' (1979) படத்திலும் த்ரூஃபோ இதே கருவைத் தொடர்ந்தார். அதில் அந்த்வான் துவானெல் தன் காதல்களைப் பற்றி நாவல் வெளியிட்டிருக்கிறான். அவனுடைய பழைய காதலி ரயிலில் அதைப் படித்து, அவன் உண்மையை எங்கே மாற்றியிருக்கிறான் என்று கண்டுபிடிக்கிறாள்.

வாசிப்பவளின் குரல்

பெர்த்ரான் தன் நூலுக்கு வைத்த தலைப்பு பெண்பித்தன் என்று பொருள்படுவது. 'பெண்களை நேசித்த மனிதன்' என்ற தலைப்பைத் தந்தவள் ஜெனவீவ். தன்னைப் பற்றி அவன் கூறிய கேலிச் சொல்லை அவள் அன்பின் சொல்லாக மாற்றுகிறாள். வினையை இறந்தகாலத்தில் வைத்தவளும் அவளே. அப்போது அவன் உயிரோடிருக்கிறான்.

படத்தின் அமைப்பில் இது முக்கியமானது. ஆணின் பார்வையில் பெண்களை அடுக்கிக்கொண்டே செல்லும் கதையை முதலிலும் முடிவிலும் ஒரு பெண்ணின் குரல் பிடித்துவைத்திருக்கிறது. மற்ற பெண்கள் அவனிடமிருந்து ஓர் இரவையோ ஒரு வாரத்தையோ பெற்றார்கள். அவனை முழுதாகப் பெற்றவள் அவனைப் படித்தவள். அவனுடைய பாசாங்குகள், பயங்கள், தாயின் மீதான ஏக்கம் எல்லாம் அவளுக்கு எழுத்தின் வழியாகவே தெரியவருகின்றன. அவனுடைய காதல்களுள் மிஞ்சி நிற்பது இந்த நூல் ஒன்றுதான் என்பதே அவளுடைய முடிவுரையின் சாரம்.

1983-ல் பிளேக் எட்வர்ட்ஸ் இப்படத்தை அமெரிக்காவில் அதே பெயரில் மீண்டும் எடுத்தார். பர்ட் ரெனால்ட்ஸ் நாயகன், ஜூலி ஆண்ட்ரூஸ் நாயகி. அதில் நாயகன் சிற்பி. கதை சொல்லும் பெண் உளப்பகுப்பாய்வாளர். இம்மாற்றம் படத்தின் அடிப்படையையே மாற்றிவிடுகிறது. மருத்துவரிடம் சொல்லப்படும் வாழ்க்கை குணமாக்கப்பட வேண்டிய நோயாகிறது. பதிப்பாசிரியரிடம் தரப்படும் வாழ்க்கை செம்மைப்படுத்தப்பட வேண்டிய பிரதியாகிறது. த்ரூஃபோவின் படத்தில் பெர்த்ரான் குணமாவதில்லை, ஆனால் வாசிக்கப்படுகிறான்.

குறைகள்

இன்று இப்படத்தைப் பார்ப்பவருக்கு உறுத்தும் இடங்கள் பல. முன்பின் தெரியாத பெண்ணின் முகவரியைப் பொய் சொல்லிப் பெறுவதும், வேலை தருவதாக ஏமாற்றி வீட்டுக்கு அழைப்பதும் குறும்புகளாகவே காட்டப்படுகின்றன. அப்பெண்கள் அச்சத்தை உணர்ந்திருக்கக்கூடும் என்பதைப் படம் எண்ணிப் பார்ப்பதில்லை. தெனேரின் துயர முகம் பார்வையாளரிடம் நம்பிக்கையை ஏற்படுத்துகிறது. அந்த நம்பிக்கையின் நிழலில் இச்செயல்கள் கேள்வியின்றிக் கடந்துபோகின்றன.

பெண் பாத்திரங்களில் பலர் ஒரு சில நிமிடங்களே வருகிறார்கள். ஆபத்தான இடங்களில் மட்டுமே இன்பம் காணும் டாக்டரின் மனைவி தெல்ஃபின் (நெல்லி போர்ஜோ) கணவனைச் சுட்டுச் சிறைக்குப் போகிறாள். தனியொரு படத்துக்கே போதுமான அவள் கதை இங்கே வேடிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. அவனிடம் தன் வலியைச் சொல்லி விலகும் பெண்கள் குறைவு. கல்லறைக்கு வந்த எவர் முகத்திலும் கோபம் இல்லை. இத்தனை பேரும் இவ்வளவு எளிதாக மன்னித்திருப்பார்களா என்ற கேள்வியைப் படம் கேட்காமலேயே முடிந்துவிடுகிறது.

எனினும் எலென் பாத்திரம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆண்கள் வயதைக் காட்டிப் பெண்களை ஒதுக்கும் அதே அளவுகோலால் அவள் அவனை ஒதுக்குகிறாள். அவள் பேச்சில் வெறுப்பு இல்லை, வருத்தமும் இல்லை. பெர்த்ரான் தன்னை வெளியிலிருந்து பார்க்கும் முதல் தருணம் அது. அந்த ஒரு மறுப்பு இல்லாவிட்டால் நூலே இல்லை.

மதிப்பீடு

படத்தின் தொடக்கத்தில் குழிக்குள் மண்ணிடும் பெண்களின் கால்களைக் கேமரா கீழிருந்து பார்க்கிறது. இறந்தவனுக்குக் கிடைத்த கடைசிக் காட்சி போல அது அமைந்திருக்கிறது. முதல்முறை பார்க்கும்போது இது துடுக்கான நகைச்சுவை. படம் முடிந்த பிறகு நினைத்துப் பார்த்தால், கால்களுக்கு மேலே முகங்களைக் காணப் பழகாமலே போனவனின் இழப்பாகத் தெரிகிறது. இந்த இரண்டு உணர்வுகளையும் ஒரே காட்சியில் வைத்ததுதான் த்ரூஃபோவின் வெற்றி. பெர்த்ரானைக் கொண்டாடும் இடங்களில் இப்படம் பழையதாகிவிட்டது. அவன் தனியே அமர்ந்து தட்டச்சு இயந்திரத்துடன் போராடும் இடங்களில் இன்றும் பழையதாகவில்லை. தன் வாழ்க்கையை எழுத முனையும் எவருக்கும், எதை எழுதினோம் என்பதைவிட எதை எழுதாமல் விட்டோம் என்று திரும்பிப் பார்க்கச் சொல்லும் படம் இது.