அவியலுக்குக் காய் அரிதல்

அவியலின் ருசிக்காகத் தேங்காயையும், இறக்கும்போது விடும் பச்சைத் தேங்காயெண்ணெயையும் புகழ்கிறவர்கள், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அரிவாள்மணையில் நிர்ணயமாகிவிடுகிற பாதிப் பக்குவத்தை ஏனோ பிரஸ்தாபிப்பதில்லை. மணையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் அலகின்மேல் இரு கைகளாலும் காயைத் தள்ளி, இரண்டு அங்குல நீளத்தில், சுண்டுவிரலில் பாதிக் கனத்தில், ஒரே சீராக அரிந்து குவிக்கிற லாவகம் சாமான்யமானதன்று. சேனை அரிகிறவர்கள் அரிப்புக்கு அஞ்சிக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதையும், கறுத்துப் போகாதிருக்க வாழைக்காய்த் துண்டங்கள் அரிந்த க்ஷணமே தண்ணீருக்குள் விழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஆனந்தம். ஒரே காயில் ஒரு துண்டம் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்தால், தடித்தது வேகும்வரை மெலிந்தது குழைந்து உருவழிந்துவிடும். அதிலும், வெந்ததும் நீர் விடுகிற பூசணியைச் சற்றுக் கனமாகவும், வேகத் தாமதிக்கிற சேனையைச் சற்று மெல்லியதாகவும் அரியத் தெரிந்தவரே, என் அபிப்பிராயத்தில், காயின் சுபாவம் அறிந்தவர். யந்திரத்துக்கு இந்தப் பேதம் தெரியாது. ஆகையால், அவியலுக்கு மட்டுமாவது காயைக் கையாலேயே அரியுங்கள்.